அணுவுக்குள் எது கிழக்கு?

பதினோராம் வகுப்பு வேதியியல் படித்த யாரும் அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டார்கள். நடுவில் மூன்று அச்சுகள் வெட்டிக்கொள்ளும். எக்ஸ் அச்சின் மேல் எதிரெதிராக இரண்டு மடல்கள், ஒய் அச்சின் மேல் இரண்டு, இசட் அச்சின் மேல் இரண்டு. கீழே பி-எக்ஸ், பி-ஒய், பி-இசட் என்று பெயர் போட்டிருக்கும். பக்கத்தைத் திருப்பினால் டி-ஆர்பிட்டால்கள் ஐந்து. அவற்றில் நான்குக்கு நாலு நாலு மடல்கள். ஐந்தாவது மட்டும் மேலும் கீழும் இரண்டு மடல்களோடு இடுப்பில் ஒரு வளையம் மாட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் படத்தை வரைந்து பெயரை எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் எழ வேண்டிய முதல் கேள்வி வகுப்பறையில் பெரும்பாலும் எழுவதே இல்லை. வெற்றிடத்தில் தன்னந்தனியாக மிதக்கும் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு எக்ஸ் அச்சு எந்தப் பக்கம்?

எந்தப் பக்கமும் இல்லை. அணுக்கரு எலக்ட்ரானை எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இழுக்கிறது. கிழக்கு உசத்தி, மேற்கு மட்டம் என்கிற பேதம் அதற்குக் கிடையாது. எக்ஸ், ஒய், இசட் என்பவை கணக்குப் போடுகிறவர் தன் வசதிக்கு வரைந்துகொண்ட கோடுகள். அப்படியானால் திசையை வைத்து ஆர்பிட்டால்களுக்குப் பெயர் சூட்டுவதில் பொருள் ஏதாவது இருக்கிறதா? நிச்சயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் அணுவுக்குள்ளே இல்லை, அணுவின் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. ஒரு காந்தப்புலமோ, பிணைந்துகொள்ள வந்த இன்னொரு அணுவோ, சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகளோ வந்து சேரும்போதுதான் திசை பிறக்கிறது. அதன் பிறகு அந்தப் பெயர்கள் காகிதக் குறிகளாக இருப்பதில்லை. கண்ணால் பார்க்கிற நிறமாகவும் கருவியால் அளக்கிற காந்தமாகவும் ஆகிவிடுகின்றன.

எர்வின் ஷ்ரோடிங்கர் தன் அலைச் சமன்பாட்டை 1925 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சுவிட்சர்லாந்தின் அரோசா மலையூரில் தங்கியிருந்தபோது உருவாக்கத் தொடங்கி, 1926இல் ஹைட்ரஜன் அணுவுக்கான விடையை வெளியிட்டார். கருவைச் சுற்றி எலக்ட்ரான் ஓர் அலையாக நிலைகொள்ள வேண்டும் என்றால் என்னென்ன கோலங்கள் சாத்தியம் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. விடை இரண்டு துண்டாகப் பிரிந்தது. ஒரு துண்டு கருவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. மற்றது எந்தத் திசை என்பதை மட்டும் பொறுத்தது. இந்தத் திசைத் துண்டு கணித உலகுக்குப் புதிதல்ல. முழு உருண்டையாக இல்லாத ஒரு கோள் தன்னைச் சுற்றி எப்படி ஈர்க்கும் என்று கணக்கிடுவதற்காக லெஜாந்தரும் லாப்லாஸும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உருவாக்கி வைத்திருந்த சார்புகள்தாம் அவை. வானத்துக்காகச் செய்த கணிதம் ஒன்றரை நூற்றாண்டு கழித்து அணுவுக்கு அப்படியே பொருந்தியது.

ஆர்பிட்டால் எனப்படும் இந்தக் கோலங்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்ல மூன்று எண்கள் போதும். முதன்மைக் குவாண்டம் எண் அளவையும், ஹைட்ரஜனில் ஆற்றலையும் சொல்லும். கோண உந்தக் குவாண்டம் எண்ணான எல், வடிவத்தைச் சொல்லும். அது 0, 1, 2, 3 ஆக இருந்தால் முறையே எஸ், பி, டி, எஃப் என்று எழுதுகிறோம். நிறமாலைக் கோடுகளின் வரிசைகளுக்கு வழங்கிய பெயர்களின் முதலெழுத்துகள் அவை. மூன்றாவது எண்தான் நம் கதைக்கு வேண்டியது. காந்தக் குவாண்டம் எண் என்று பெயர்; எம் என்று குறிப்பார்கள். மைனஸ் எல் முதல் பிளஸ் எல் வரை ஒவ்வொன்றாக ஏறும். ஆகவே ஒரு வடிவத்துக்கு 2எல்+1 விதமான திசையமைவுகள்: எஸ்ஸுக்கு 1, பி-க்கு 3, டி-க்கு 5, எஃப்-க்கு 7.

எண்ணற்ற திசைகள் இருக்கும்போது பி-க்கு மூன்றே மூன்று எப்படிப் போதும்? இதை நம் ஊர் வாத்தியம் ஒன்று அழகாகக் காட்டுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் தோல் வட்டமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. தட்டும்போது அது பல விதமாக அதிரும். அதில் ஒரு விதத்தில் தோலின் நடுவே விட்டமாக ஒரு கோடு மட்டும் அசையாமல் நிற்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் தோல் எழும்பினால் அந்தப் பக்கம் தாழும். அசையாத அந்தக் கணுக்கோடு எந்தத் திசையில் ஓடும்? வட்டத்துக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான், ஆகவே தோல் தானாக அதைத் தீர்மானிக்க முடியாது. வித்வான் ‘நம்’ வாசிக்கும்போது மோதிர விரலைத் தோலின் நடுவிலுள்ள கருப்புப் பூச்சான கரணையின் ஓரத்தில் மெல்லப் பதித்துக்கொண்டு ஆட்காட்டி விரலால் ஓரத்துத் தோலான மீட்டில் தட்டுகிறார். விரல் பட்ட இடம் அசைய முடியாததால் கணுக்கோடு அந்த விரலின் வழியாக ஓடுகிறது. விரலை வேறு இடத்தில் வைத்தால் கோடும் திரும்பிக்கொள்ளும், ஆனால் சுருதி மாறாது. சி. வி. ராமன் 1920இலும் 1934இலும் நம் தாள வாத்தியங்களைப் பற்றி எழுதிய ஆய்வுகள் இந்த அதிர்வுகளைப் பற்றியவைதான்.

தோலின் மேல் ஒரு கோலம் வடக்கு-தெற்காகவும் இன்னொன்று கிழக்கு-மேற்காகவும் இருந்தால் போதும். இடைப்பட்ட எந்தத் திசையிலும் கணுக்கோடு வேண்டுமானால் இரண்டையும் தக்க அளவில் கலந்து பெறலாம். அணு முப்பரிமாண வெளியில் இருப்பதால் இரண்டுக்குப் பதில் மூன்று தேவைப்படுகிறது. கோட்டுக்குப் பதில் கணுத்தளம் வருகிறது.

இந்தக் கலவையைச் சூத்திரமாகவே பார்த்துவிடலாம், அவ்வளவு சிறியது அது. பி-இசட் ஆர்பிட்டாலில் ஓர் இடத்தில் அலையின் மதிப்பு வேண்டுமா? அந்த இடத்தின் இசட் ஆயத்தொலைவை, தூரத்தை மட்டுமே பொறுத்த ஒரு எண்ணால் பெருக்கினால் வந்துவிடும். இசட் பூஜ்யமாகும் தளத்தில் அலையும் பூஜ்யம், அதுதான் கணுத்தளம். மேலே அலை நேர்க்குறி, கீழே எதிர்க்குறி. பி-எக்ஸில் எக்ஸ், பி-ஒய்யில் ஒய். ஆக, பெயரின் வாலில் தொங்கும் எழுத்துதான் ஆர்பிட்டாலின் திசைச் சூத்திரம். டி-எக்ஸ்ஒய் என்றால் எக்ஸையும் ஒய்யையும் பெருக்கு என்று பொருள். இதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டால் மாணவர்கள் ஐந்து படங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. பெயரைப் பார்த்தே வரைந்துவிடலாம்.

பி-எக்ஸையும் பி-ஒய்யையும் சம அளவில் கூட்டினால் எக்ஸ்+ஒய் வருகிறது. அதன் வடிவம் இம்மியும் மாறாத அதே பி-ஆர்பிட்டால்தான். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 45 டிகிரியில் பார்க்கிறது, அவ்வளவே. ஆற்றலும் அதேதான். புத்தகம் அச்சிட்ட மூன்று படங்களுக்கு, அச்சிடாத கோடானுகோடி திசைகளைவிட எந்தச் சிறப்பும் இல்லை.

இன்னும் ஒரு படி போகலாம். நைட்ரஜனில் மூன்று பி-ஆர்பிட்டால்களிலும் ஆளுக்கு ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. எலக்ட்ரான் அடர்த்தி அலையின் வர்க்கம் என்பதால் மூன்றையும் கூட்டினால் எக்ஸ்²+ஒய்²+இசட்² கிடைக்கும். பள்ளிக் கணிதத்திலிருந்தே தெரியும், இது கருவிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கம். திசை மறைந்துவிட்டது! ஆறு மடல்களும் சேர்ந்து இடைவெளியே இல்லாத ஓர் உருண்டை ஆகிவிட்டன. பாதி நிரம்பிய கூடும் முழுதாக நிரம்பிய கூடும் இப்படி உருண்டையாகத்தான் இருக்கும் என்று 1927இல் ஆல்பிரெக்ட் உன்சோல்ட் நிறுவினார். டி-க்கும் எஃப்-க்கும் கூட இது பொருந்தும். மூன்று பி-ஆர்பிட்டால்களையும் ஒன்றாக வரைந்து மடல்களுக்கு நடுவே வெற்றிடம் காட்டும் படங்கள் மாணவர் மனத்தில் தவறான அணுவைப் பதிக்கின்றன. அணு ஆறு முனை கொண்ட நட்சத்திரம் அல்ல.

இப்போது அந்த ஐந்தாவது டி-ஆர்பிட்டாலுக்கு வருவோம். மற்ற நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை. எக்ஸ்ஒய், ஒய்இசட், எக்ஸ்இசட் மூன்றிலும் மடல்கள் அச்சுகளுக்கு இடையே நீள்கின்றன. எக்ஸ்²−ஒய்² என்பதில் அதே நாலு மடல்கள் 45 டிகிரி திரும்பி அச்சுகளின் மேலேயே படுத்துக்கொள்கின்றன. நியாயமாகப் பார்த்தால் எக்ஸுக்கும் ஒய்க்கும் ஒன்று இருக்கும்போது ஒய்க்கும் இசட்டுக்கும் ஒன்று, இசட்டுக்கும் எக்ஸுக்கும் ஒன்று இருக்க வேண்டாமா? ஒய்²−இசட்², இசட்²−எக்ஸ்² என்று. அப்படி எழுதினால் மொத்தம் ஆறு ஆகிவிடும். ஆனால் சமன்பாடு ஐந்துக்குத்தான் இடம் தருகிறது. எது மிகை?

மூன்றையும் கூட்டிப் பாருங்கள். எக்ஸ்²−ஒய்², ஒய்²−இசட்², இசட்²−எக்ஸ்² ஆகியவற்றின் கூட்டுத்தொகை பூஜ்யம். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும். ஆகவே மூன்றும் தனித்தனி ஆர்பிட்டால்கள் அல்ல. தனித்து நிற்கக்கூடியவை இரண்டுதான். ஒன்று எக்ஸ்²−ஒய்² என்று வைத்துக்கொண்டால், அதோடு எந்தப் பங்கும் கலக்காத இன்னொன்றை மீதியிலிருந்து செய்ய வேண்டும். இசட்²−எக்ஸ்², இசட்²−ஒய்² இரண்டையும் கூட்டினால் 2இசட்²−எக்ஸ்²−ஒய்² வருகிறது. இசட் திசையில் இரண்டின் மடல்களும் ஒன்றுசேர்ந்து நீண்டுவிடுகின்றன. எக்ஸ் பக்கத்து எதிர்க்குறி மடல்களும் ஒய் பக்கத்து எதிர்க்குறி மடல்களும் கைகோத்து வளையமாகின்றன. டி-இசட்² என்று நாம் எழுதுவது இந்த நீண்ட பெயரின் சுருக்கம். அந்த விசித்திர உருவம் ஒரு விதிவிலக்கே அல்ல, ஒரே மாதிரியான இரண்டு நாலுமடல் ஆர்பிட்டால்களின் கலவை. எக்ஸை முதன்மையாக எடுத்துக்கொண்டிருந்தால் வளையம் எக்ஸ் அச்சைச் சுற்றி வந்திருக்கும். ஏழு எஃப்-ஆர்பிட்டால்களுக்கு வெவ்வேறு புத்தகங்கள் வெவ்வேறு படங்கள் போடுவதற்கும் காரணம் இதுதான். கலவையை இரண்டு விதமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; இரண்டும் சரியே.

இங்கே ஒரு பிழையைச் சுட்டாமல் போக முடியாது, ஏனென்றால் வழிகாட்டி நூல்களில் அது வேரோடிவிட்டது. எம் = −1 என்றால் பி-எக்ஸ், 0 என்றால் பி-இசட், +1 என்றால் பி-ஒய் என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். பூஜ்யத்துக்கு பி-இசட் என்பது சரி. மற்ற இரண்டும் தவறு. எம் = +1 நிலையில் எலக்ட்ரான் அலை இசட் அச்சைச் சுற்றி ஒரு திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது; −1இல் எதிர்த்திசையில். இரண்டிலும் அடர்த்தி இசட் அச்சைச் சுற்றி ஒரே சீரான வளையம். எக்ஸ் பக்கமோ ஒய் பக்கமோ மடல் எதுவும் அதில் இல்லை. எதிரெதிராக ஓடும் இந்த இரண்டு அலைகளையும் சமமாகக் கலந்தால் ஓட்டம் நின்று நிலையான மடல்கள் உண்டாகின்றன. ஒரு விதமாகக் கலந்தால் பி-எக்ஸ், இன்னொரு விதமாகக் கலந்தால் பி-ஒய். எனவே பி-எக்ஸுக்கு எம் மதிப்பு என்று ஒன்று கிடையாது. அளந்து பார்த்தால் பாதித் தடவை +1 வரும், பாதித் தடவை −1 வரும்.

எந்தக் குடும்பத்தைப் பயன்படுத்துவது, ஓடும் குடும்பத்தையா நிற்கும் குடும்பத்தையா? அதை அணுவைச் சூழ்ந்திருப்பது எது என்பதுதான் தீர்மானிக்கிறது. காந்தப்புலத்தில் வைத்தால், புலத்தின் திசையே இசட் அச்சாகி, எம் எண்கள் உயிர் பெறுகின்றன. 1896இல் லைடனில் பீட்டர் சேமன் சோடியம் சுடரைக் காந்தத்தின் நடுவே வைத்தபோது மஞ்சள் கோடுகள் அகன்றன. காந்தம் இல்லாதபோது ஒரே ஆற்றலில் ஒளிந்திருந்த திசையமைவுகள் ஆளுக்கொரு ஆற்றலோடு பிரிந்து நின்றதன் அறிகுறி அது. எம்முக்குக் காந்தக் குவாண்டம் எண் என்று பெயர் வந்தது இப்படித்தான். 1916இல் சோமர்ஃபெல்ட், அணுவின் சுற்றுப்பாதை புலத்துக்குக் குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டுமே சாய முடியும் என்று எழுதினார். 1922 பிப்ரவரியில் ஃபிராங்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே அனுப்ப, அது இரண்டாகப் பிளந்தது. கற்றை படிந்த தகட்டின் படத்தை அஞ்சலட்டையில் ஒட்டி நீல்ஸ் போருக்கு அனுப்பினார் கெர்லாக். திசையும் குவாண்டம் விதிக்குக் கட்டுப்பட்டது என்பது அன்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் 2எல்+1 எப்போதும் ஒற்றைப்படை எண். கற்றை பிளந்ததோ இரண்டாக. வெள்ளியின் வெளி எலக்ட்ரான் எஸ் ஆர்பிட்டாலில் இருக்கிறது, அதற்குத் திசையே கிடையாது. அங்கே பிளவை உண்டாக்கியது எலக்ட்ரானின் தற்சுழற்சி என்பது 1925இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மித்தும் அந்தக் கருத்தை முன்வைத்த பிறகுதான் புரிந்தது.

படிகத்துக்குள் அணுவை வைத்தால் கதை வேறு. அங்கே அக்கம்பக்கத்து அயனிகள் திசைகளை நிர்ணயிக்கின்றன. 1929இல் ஹான்ஸ் பெத்தே, படிகத்தின் மின்புலம் ஓர் அயனியின் ஆற்றல் நிலைகளை எப்படிப் பிரிக்கும் என்று சமச்சீர்மையை மட்டும் வைத்துக் கணக்கிட்டார். ஓர் உலோக அயனியின் ஆறு பக்கமும், அதாவது மேல், கீழ், இடம், வலம், முன், பின் என்று ஆறு எதிர்மின் அயலார் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டி-எக்ஸ்²−ஒய்², டி-இசட்² இரண்டின் மடல்களும் நேராக அவர்களை முட்டுகின்றன. அங்கே இருக்கும் எலக்ட்ரான் விலக்கப்படுவதால் ஆற்றல் ஏறுகிறது. எக்ஸ்ஒய், ஒய்இசட், எக்ஸ்இசட் மூன்றின் மடல்களும் அயலாருக்கு இடைப்பட்ட சந்துகளில் நீள்வதால் ஆற்றல் தாழ்கிறது. ஐந்து சம நிலைகள் மூன்றும் இரண்டுமாகப் பிரிகின்றன. மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் அடியில் இருப்பது இந்தப் பிளவுதான். இரண்டிலும் நிறம் தருவது ஒரே குரோமியம் அயனி. அயலாரின் அழுத்தம் மட்டும் சற்றே வேறுபடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மயில்துத்தம். சுண்ணாம்போடு கலந்து பயிர்களுக்குத் தெளிக்கும் அதே நீலக் கல். வேதியியல் பெயர் ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட காப்பர் சல்பேட். தாமிர அயனிக்கு டி-கூட்டில் ஒன்பது எலக்ட்ரான்கள். பத்து பேருக்கான இடத்தில் ஓர் இடம் காலி. அந்தக் காலியிடம் எந்த ஆர்பிட்டாலில் இருக்கும்? ஆறு அயலாரும் சம தூரத்தில் நின்றால் எக்ஸ்²−ஒய்²-க்கும் இசட்²-க்கும் வித்தியாசம் இல்லை. காலியிடம் எதிலும் இருக்கலாம். இப்படி இரண்டும் கெட்டானாக நிற்கும் அமைப்பு நிலைக்காது, ஒரு பக்கம் நீண்டோ குறுகியோ சமச்சீரைக் கலைத்துக்கொண்டு ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும் என்று 1937இல் ஹெர்மன் யானும் எட்வர்ட் டெல்லரும் நிறுவினார்கள். தாமிரம் அதைத்தான் செய்கிறது. நான்கு நீர் மூலக்கூறுகள் ஒரு சதுரத்தின் மூலைகளில் ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நெருங்கி நிற்கின்றன. மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள் ஏறத்தாழ 2.4 ஆங்ஸ்ட்ராமுக்கு விலகி நிற்கின்றன. ஐந்தாவது நீர் மூலக்கூறு தாமிரத்தைத் தொடுவதே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்புகளால் இடையில் தொங்குகிறது. இசட் திசை நீண்டதால் இசட்² தாழ்ந்துவிட்டது. நெருங்கிய நால்வரையும் முட்டும் எக்ஸ்²−ஒய்² உச்சத்தில் நிற்கிறது. காலியிடம் அங்கேதான். கீழ் நிலைகளிலுள்ள எலக்ட்ரான் அந்தக் காலியிடத்துக்குத் தாவச் சிவப்பு ஒளியும் அதை ஒட்டிய அகச்சிவப்பும் செலவாகின்றன. மிஞ்சி வருவது நீலம்.

பள்ளி ஆய்வகத்தில் இதைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்குவார்கள். நீர் ஆவியாகிக் குழாயின் வாயருகே துளித்துளியாகப் படியும். நீலம் வெளுத்து, வெண்சாம்பல் தூள் மிஞ்சும். ஆறிய பின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்ட இடம் உடனே நீலமாகும். தாமிரம் அப்படியே இருக்கிறது, டி-எலக்ட்ரான்கள் ஒன்பதும் அப்படியே இருக்கின்றன. சதுரத்தின் மூலைகளில் நிற்பவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். மயில்துத்தத்தின் நீல நிறக் கரைசலில் அம்மோனியாவை மிகையாக ஊற்றினால் நீலம் இன்னும் கறுத்து ஆழ்ந்த ஊதா கலந்து போகும். நான்கு மூலைகளிலும் அம்மோனியா வந்து நின்று எக்ஸ்²−ஒய்²-ஐ இன்னும் மேலே தள்ளிவிட்டது.

இதே மயில்துத்தத்தைத் திசைக் கண்ணோடு பார்த்தவர் நம் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவின் கண்டுபிடிப்பில் ராமனோடு சேர்ந்து உழைத்தவர் என்று பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு டாக்காவிலும் கொல்கத்தாவிலும் அவர் பல ஆண்டுகள் படிகங்களின் காந்தத்தை ஆராய்ந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பல படிகங்களில் காந்தத்தன்மை எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாடு மிகச் சிறியது. அதைத் துல்லியமாக அளக்க அவர் கையாண்ட முறை வியக்கத்தக்க எளிமை கொண்டது. சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட வேண்டும். காந்தத்தை அதிகம் ஏற்கும் திசை புலத்தோடு ஒட்டிக்கொள்ளப் படிகம் திரும்பி நிற்கும். இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கிக்கொண்டே போனால் படிகம் பிடிவாதமாகப் பழைய நிலையிலேயே நிற்க முயலும். முறுக்கு ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று புரண்டு சுழலும். அந்த எல்லைக் கோணத்திலிருந்து திசை வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம்.

மயில்துத்தத்தின் படிக அமைப்பை 1934இல் பீவர்ஸும் லிப்சனும் எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்திருந்தார்கள். 1930களின் பிற்பாதியில் கிருஷ்ணனும் அவரோடு பணியாற்றிய முகர்ஜியும் அந்தப் படிகத்தின் காந்தத் திசைவேறுபாட்டை அளந்து, தாமிரத்தைச் சுற்றி ஆக்சிஜன்கள் நிற்கும் அமைப்போடு பொருத்திக் காட்டினார்கள். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. படிகத்தின் ஓர் அலகில் தாமிர அயனிகள் இரண்டு. அவற்றின் நீண்ட அச்சுகள் ஒரே பக்கம் பார்க்கவில்லை. ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கின்றன. கையளவு நீலக் கல்லுக்குள் ஒரு தாமிரத்தின் இசட் அச்சு ஒரு பக்கம், பக்கத்துத் தாமிரத்தின் இசட் அச்சு இன்னொரு பக்கம். அச்சு அண்டத்துக்குப் பொதுவானதல்ல; ஒவ்வொரு அணுவுக்கும் அதன் அயலார் கொடுப்பது.

வேதியியலாளர்களின் வழக்கத்திலும் இது தெரியும். நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களையும் இணைக்கும் கோட்டை இசட் என்பார்கள். அங்கே பி-இசட் நேருக்கு நேர் மோதிச் சிக்மா பிணைப்பைத் தருகிறது. பென்சீனில் வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தை இசட் என்பார்கள். அங்கே பி-இசட் பக்கவாட்டில் உரசிப் பை பிணைப்பைத் தருகிறது. ஒரே பெயர், எதிரான வேலை. எந்த மூலக்கூறைப் பற்றிய பேச்சு என்று தெரியாமல் பி-இசட் என்ன பிணைப்பு தரும் என்று கேட்டால் அதற்கு விடையே கிடையாது.

1986இல் சூரிச்சின் ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னோர்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடுகளில், தடையே இல்லாமல் மின்னோட்டம் பாயும் உயர்வெப்ப மீகடத்துதிறனைக் கண்டுபிடித்ததற்குப் பின்னாலும், மயில்துத்தத்தில் பார்த்த தாமிரத்தின் நீளும் பழக்கம் இருந்தது. யான்-டெல்லர் உருக்குலைவு வலுவாக உள்ள அயனிகளைத் தேடித்தான் அவர்கள் தாமிரத்துக்கு வந்தார்கள். அந்தப் பொருள்களில் தாமிரமும் ஆக்சிஜனும் சதுரக் கட்டங்களாக அடுக்கடுக்காகப் பரவியிருக்கின்றன. மயில்துத்தத்தைப் போலவே ஒவ்வொரு தாமிரத்திலும் காலியிடம் எக்ஸ்²−ஒய்² ஆர்பிட்டாலில். அதன் நான்கு மடல்களும் நான்கு ஆக்சிஜன்களைத் தொடுகின்றன.

அடுத்து வந்தது எவரும் எளிதில் எதிர்பாராதது. மீகடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணை சேர்கின்றன. மின்னோட்டத்தைச் சுமக்கும் இந்த இணைகளின் அலைக்கும் ஒரு திசைச் சமச்சீர் உண்டு. பழைய மீகடத்திகளில் அது எஸ் போல எல்லாத் திசையிலும் ஒன்று. தாமிர ஆக்சைடுகளில் எப்படி? 1994இல் நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் சூயியும் கிர்ட்லியும், தமக்குள் கோணம் மாறி நிற்கும் மூன்று படிகங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு மீகடத்தி வளையத்தைச் செதுக்கினார்கள். சாதாரண மீகடத்தி வளையம் காந்தப் பாயத்தை முழு முழு அலகுகளாகத்தான் சிறைப்பிடிக்கும். இந்த வளையம் தானாகவே அரை அலகைச் சிறைப்பிடித்திருந்தது. வளையத்தைச் சுற்றி வரும் அலை எங்கோ ஓரிடத்தில் குறி மாறினால் மட்டுமே அப்படி நடக்கும். 90 டிகிரி திருப்பினால் நேர்க்குறி எதிர்க்குறியாகும் சமச்சீர், அதாவது எக்ஸ்²−ஒய்². இணைகளின் சமச்சீருக்கும் இயற்பியலாளர்கள் அதே பெயரைத்தான் வழங்குகிறார்கள். அதிலுள்ள எக்ஸும் ஒய்யும் தாமிரத்திலிருந்து பக்கத்து ஆக்சிஜனை நோக்கிச் செல்லும் இரண்டு பிணைப்புத் திசைகள்.